கணக்கு இயந்திரத்துக்கும் விதைநெல் வேண்டும்

(அங்கத்தினர் கல்விப் பகுதி)

மரக்காணம் கடற்கரையில் உப்பு விளையும் காலம் தை மாதத்தில் தொடங்கி, வடகிழக்குப் பருவமழை இறங்கும் ஐப்பசியில் முடிவுறுகிறது. மழை மாதங்களில் அளத்தில் வேலை இல்லை. ஆகவே கூலியும் இல்லை. வேலைக் காலத்தில் கூலியிலிருந்து சிறுகச் சிறுகப் பிடித்துச் சங்கத்தில் சேர்த்த சிக்கன வைப்புத் தொகையே அப்போது பல வீடுகளில் அடுப்பெரிய உதவுகிறது. சங்கத்தின் பேரேடு திறக்கவில்லை என்றால் அந்த அடுப்பும் எரியாது. இதனை மனத்திற்கொண்டு இப்பாடத்தைப் படிக்குமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. மரக்காணத்து உப்பளங்கள் பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாதவாறு நீரில் மூழ்கின. அவ்வேளையில் நாம் ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களுள் ஒன்றில் நிகழ்ந்ததை இங்குக் குறிப்பிடுவது பயனுடையது. அச்சங்கத்தின் அலுவலகத்தினுள் முழங்கால் அளவு நீர் புகுந்தது. மேசையின் கீழே தரையில் வைத்திருந்த கணினி நீரில் நின்று பழுதாயிற்று.

அச்சங்கத்தின் காசாளர் பொறுப்புள்ளவர். அன்றாடக் கணக்கைச் சிறு நினைவுக் குச்சியில் படியெடுத்து வீட்டுக்குக் கொண்டுசெல்வது அவர் வழக்கம். எனவே கணக்கு அழியவில்லை. ஆனால் அந்தக் கணக்கைத் திறக்கும் மென்பொருள் பழுதான கணினியோடு போயிற்று. புதுக் கணினி வந்தது. மென்பொருளை அமைத்துக் கொடுத்தவர் வரவில்லை. எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு, எந்த அமைப்பு என்பவை ஒருவருக்கும் நினைவில்லை. மூன்று வாரத்துக்கு மேல் காரியதரிசி பழைய காகிதச் சீட்டுகளைத் தேடிப் பார்த்து, ஐயமில்லாத தொகைகளை மட்டும் வழங்கினார். பிறர் காத்திருந்தனர். கணக்கு கையிலிருந்தும் பணம் கொடுக்க இயலாத நிலை அது.

இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றே. கணக்கைக் காப்பது மட்டும் போதாது. கணக்கு எழுதும் இயந்திரத்தையே காத்து வைக்கவேண்டும். அறுவடை முழுவதும் விற்றாலும் அடுத்த பட்டத்துக்கான விதைநெல்லைத் தனியே கோட்டை கட்டி வைப்பது உழவர் வழக்கம். கணினிக்கும் அத்தகைய விதைநெல் உண்டு. அதற்கு மெய்நிகர் இயந்திரத்தின் படிமம் என்று பெயர். அதனை எடுத்து வைப்பதும், வேண்டும்போது கட்டளை வரிகளால் வேறொரு கணினியில் நிறுவுவதும் எவ்வாறு என்பதே இம்மாதப் பாடம்.

1. மெய்நிகர் இயந்திரம் என்பது யாது?

பெரிய உப்பளம் ஒன்றை வரப்பிட்டுப் பல பாத்திகளாகப் பிரிக்கிறோம். நிலம் ஒன்று, வெயில் ஒன்று, வாய்க்கால் ஒன்று. ஆயினும் ஒரு பாத்தியின் நீர் மற்றொன்றில் கலப்பதில்லை. ஒவ்வொரு பாத்தியும் தனி அளமாகவே விளைகிறது. அதுபோலவே ஒரு கணினியின் நினைவகம், செயலி, வட்டு ஆகியவற்றை வரப்பிட்டுப் பிரித்து, அதனுள்ளே தனிக் கணினிபோல் இயங்கும் ஒன்றை உண்டாக்கலாம். உள்ளே இயங்கும் மென்பொருள் தனக்கென்று முழுக் கணினி இருப்பதாகவே கொள்கிறது. இதுவே மெய்நிகர் இயந்திரம். அதனைத் தாங்கி நிற்கும் உண்மைக் கணினியை இப்பாடத்தில் தாய்க் கணினி என்போம்.

இஃது இன்று நேற்றுத் தோன்றிய முறையன்று. அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வு நிலையத்தில் சி.பி.-40 என்ற அமைப்பு 1967-இல் இவ்வாறு இயங்கத் தொடங்கியது. ஒரு பெருங்கணினியைப் பலர் ஒரே வேளையில் தத்தம் தனிக் கணினிபோல் பயன்படுத்துவது அதன் நோக்கம். 1972-இல் அந்நிறுவனம் வி.எம்.-370 என்ற பெயரில் இதனை வாடிக்கையாளருக்கு அளித்தது. 2003-இல் ஃபாப்ரீஸ் பெல்லார் என்ற பிரெஞ்சு அறிஞர் க்யூஎமு என்ற கட்டற்ற மென்பொருளை வெளியிட்டார். 2007-இல் கே.வி.எம். என்ற பகுதி லினக்ஸ் இயங்குதளத்தின் கருவிலேயே சேர்க்கப்பட்டது. இதன் பயனாக, பெருநிறுவனங்கள் மட்டுமே செய்துவந்த காரியம் சாதாரண மேசைக் கணினியிலும், மென்பொருளுக்குக் காசு கொடாமலே, செய்யக்கூடியதாயிற்று. நம் நாட்டில் தேசியத் தகவலியல் மையம் 2014-இல் தொடங்கிய மேகராஜ் என்ற அரசு மேகக்கணிமை ஏற்பாடும் இவ்வகை மெய்நிகர் இயந்திரங்களை அரசு அலுவலகங்களுக்கு வழங்குவதேயாகும்.

ஈண்டு ஒரு விளக்கம் தேவை. 2022 ஜூன் மாதம் மத்திய அமைச்சரவை, 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினி மயமாக்கும் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அத்திட்டத்துக்கு உட்பட்ட சங்கங்கள் அதன் பொது மென்பொருளையும் அதன் விதிகளையுமே பின்பற்ற வேண்டும். நாம் இங்கு எழுதுவது, தம் கணக்கைத் தம் அலுவலகக் கணினியிலேயே வைத்து நடத்தும் உப்பு உற்பத்தி, நெசவு, விற்பனை முதலிய சிறு சங்கங்களை நோக்கியேயாகும்.

2. படிமம் என்பது யாது?

நெசவாளர் சங்கத்து அன்பர்களுக்கு ஜக்கார்டு அட்டையைப் பற்றி நாம் சொல்லவேண்டுவதில்லை. பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த அந்த முறையில், சேலையின் கரையும் முந்தானையும் அட்டையில் துளைகளாக இருக்கின்றன. தறி பழுதானால், அதே அட்டைக் கோவையை அதேபோன்ற வேறு தறியில் ஏற்றினால் அதே உரு விழுகிறது. உருவம் தறியில் இல்லை, அட்டையில் இருக்கிறது.

மெய்நிகர் இயந்திரத்தின் படிமமும் அவ்வாறே. இயங்குதளம், கணக்கு மென்பொருள், தமிழ் எழுத்துரு, அச்சுப்பொறி அமைப்பு, ரசீது வடிவம் ஆகிய யாவும் ஒரே கோப்பில் அடங்கியிருக்கும். அக்கோப்பை வேறு தாய்க் கணினியில் வைத்து இயக்கினால், முன்பிருந்த அதே இயந்திரம் எழுந்து நிற்கும். ஒவ்வொன்றையும் மீண்டும் அமைக்கவேண்டுவதில்லை. அமைத்தவரைத் தேடவும் வேண்டுவதில்லை.

இக்கோப்புக்குப் பல வடிவங்கள் உண்டு. க்யூஎமு மென்பொருளுக்குரிய வடிவத்துக்கு க்யூகௌ-2 என்று பெயர். இதன் சிறப்பு, எழுதிய அளவுக்கே இடம் கொள்வது. 40 ஜிகாபைட் கொள்ளளவுள்ள வட்டு என்று குறித்திருந்தாலும், உள்ளே 9 ஜிகாபைட் மட்டும் எழுதப்பட்டிருந்தால் கோப்பும் ஏறக்குறைய அந்த அளவே இருக்கும்.

3. கட்டளை வரி ஏன்?

கணினியில் படங்களைச் சுட்டியால் தொட்டு வேலை செய்வது எளிது. அங்ஙனமிருக்க, கரிய திரையில் எழுத்துகளை அடித்துக் கட்டளையிடும் பழைய முறையை ஏன் கற்கவேண்டும் என்று சில அன்பர்கள் கேட்கலாம். நம் விடை கூட்டுறவு முறையிலிருந்தே பிறக்கிறது.

சங்கத்தில் வாய்ச்சொல் செல்லாது, எழுத்துத்தான் செல்லும். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பேரேடு ஆகிய யாவும் எழுத்தே. எழுதியதைப் பிறர் படிக்கலாம், சரிபார்க்கலாம், தவறு கண்டால் எந்த வரியில் என்று சுட்டலாம். கட்டளை வரியும் எழுத்தே. இன்று செய்த வேலையின் வரிகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், மூன்றாண்டு கழித்து வரும் புதுக் காரியதரிசி அதே வரிகளை அடித்து அதே பயனைப் பெறுவார். "அந்த மூலையிலுள்ள படத்தைத் தொட்டு, பிறகு வருவதைத் தொடுக" என்ற வாய்மொழிக்கு அந்த உறுதி இல்லை. அடுத்த பதிப்பில் அந்தப் படமே இடம் மாறியிருக்கும். நாம் மேலே கூறிய சங்கத்தில், பழுதான கணினியை அமைத்தவர் செய்தவை அனைத்தும் அவர் கைப்பழக்கத்திலேயே இருந்தன. ஒரு வரியும் ஏட்டில் இல்லை. மூன்று வார இழப்புக்குக் காரணம் வெள்ளம் மட்டுமன்று.

4. மூலப்படி எடுத்தல்

கட்டளைகள் கணினியில் ஆங்கில எழுத்தில் அடிக்கப்படுவன. இங்கு அவற்றின் பெயர்களை ஒலிப்பின்படி தருகிறோம். எந்தக் கட்டளையின் பெயருக்குப் பின்னும் இரண்டு சிறுகோடிட்டு 'ஹெல்ப்' என்று அடித்தால், அதன் பயன்முறை திரையில் தோன்றும். அதனைப் பார்த்து முழு வரியையும் சங்கக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்க.

சங்கத்தின் கணக்கு மென்பொருள் ஏற்கெனவே ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் இயங்குவதாகக் கொள்வோம். (உண்மைக் கணினியில் நேராக இயங்கினால், விர்ட்-பி2வி என்ற கருவியால் அதனை மெய்நிகர் இயந்திரமாக மாற்றலாம். அதனை முதன்முறை தெரிந்தவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு செய்வது நலம்.)

முதலாவது, இயந்திரத்தை முறைப்படி நிறுத்துக. 'விர்ஷ் ஷட்டவுன்' என்ற கட்டளையுடன் இயந்திரத்தின் பெயரைச் சேர்த்து அடித்தால் அது நிற்கும். 'விர்ஷ் லிஸ்ட்' என்பதுடன் 'ஆல்' என்ற குறிப்பைச் சேர்த்து அடித்து, நின்றுவிட்டதை உறுதி செய்க. ஓடும் தறியில் அட்டை மாற்றலாகாது. இயங்கும் இயந்திரத்தின் வட்டைப் படியெடுக்கலாகாது. எழுதிக்கொண்டிருக்கும்போது எடுத்த படியில் பாதி எழுதிய வரிகள் இருக்கும்.

இரண்டாவது, 'க்யூஎமு-ஐஎம்ஜி கன்வெர்ட்' என்ற கட்டளையால் வட்டுக் கோப்பிலிருந்து சுருக்கிய படி ஒன்றை எடுக்க. சுருக்குவதற்கு 'சி' என்ற குறிப்பும், வடிவம் க்யூகௌ-2 என்பதற்குப் பெரிய 'ஓ' என்ற குறிப்பும் சேர்க்கப்படும்.

மூன்றாவது, அந்தப் படியைச் சுத்தம் செய்க. இயங்கிய இயந்திரத்தில் அதன் தனி அடையாள எண், தொலைவிலிருந்து நுழைவதற்கான சாவிகள், பழைய பதிவுகள் முதலியன இருக்கும். ஒரே சாவியுடன் பத்துச் சங்கங்களில் அதே படிமத்தை நிறுவினால், ஒரு சங்கத்தின் சாவி பிறர் கையிற் சிக்கியபோது பத்துச் சங்கங்களின் கதவும் திறந்ததாகும். 'விர்ட்-சிஸ்பிரெப்' என்ற கருவி இவற்றை நீக்கும். இதனைப் படியின்மேல் மட்டுமே செலுத்துக. இயங்கும் இயந்திரத்தின் வட்டில் செலுத்தினால் அது கெடும். அங்கத்தினர் பெயர், ஆதார் எண், வைப்புத் தொகை போன்ற தனிச் செய்திகளை இக்கருவி தானே நீக்குவதில்லை. ஆகையால் மூலப்படியை, வெறுங் கணக்குடன் மென்பொருளை அமைத்த நிலையிலேயே எடுத்துவைப்பது சாலச் சிறந்தது. விதைநெல்லில் பதர் கலவாதிருப்பதுபோல மூலப்படியில் அங்கத்தினர் கணக்கு கலவாதிருக்கவேண்டும்.

நான்காவது, 'ஷா-256-சம்' என்ற கட்டளையைப் படிமக் கோப்பின்மேல் செலுத்துக. திரையில் 64 எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு கோவை தோன்றும். இதுவே சரிபார்ப்புத் தொகை. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் இக்கோவை முற்றிலும் வேறாகிவிடும். அதனை அச்சிட்டுக் குறிப்பேட்டில் ஒட்டி, தேதியிட்டுக் காரியதரிசியும் தலைவரும் ஒப்பமிடுக. கோப்பு இருக்கும் இடத்திலேயே இக்கோவையையும் வைப்பது, பெட்டிக்குள்ளேயே பெட்டியின் சாவியை வைப்பது போன்றது. கோப்பை மாற்றியவர் கோவையையும் மாற்றிவிடுவார். ஆகவே அது காகிதத்தில் தனியே இருக்கட்டும்.

5. படிமத்தை நிறுவுதல்

இனி, அலுவலகக் கணினி பழுதாகிப் புதுக் கணினி வந்திருப்பதாகக் கொள்வோம். அதில் லினக்ஸ் இயங்குதளமும், கே.வி.எம்., க்யூஎமு, லிப்விர்ட் என்ற தொகுப்புகளும் அமைந்திருக்கவேண்டும். இவை யாவும் கட்டணமின்றிக் கிடைப்பன.

முதற்படி, தாய்க் கணினியைச் சோதித்தல். 'விர்ட்-ஹோஸ்ட்-வேலிடேட்' என்று அடித்தால், அக்கணினி மெய்நிகர் இயந்திரத்தைத் தாங்குமா என்பது வரிவரியாகத் தோன்றும். செயலியின் மெய்நிகராக்க வசதி இல்லை என்று வந்தால் உடனே மனந்தளர வேண்டா. பல கணினிகளில் அவ்வசதி இருந்தும், தொடக்க அமைப்பில் மூடி வைக்கப்பட்டிருக்கும். அதனைத் திறந்துவிட்டால் போதும்.

இரண்டாம்படி, படிமத்தைச் சரிபார்த்தல். அளத்தில் கடல்நீர் ஏறக்குறைய 3 முதல் 3.5 டிகிரி போமே அளவில் உள்ளே வருகிறது. வெயிலில் காய்ந்து ஏறக்குறைய 25 டிகிரி எட்டியபின்தான் உப்பு விளையும் பாத்திக்குத் திறந்துவிடுகிறோம். முன்னதாக விட்டால் சுண்ணச் சத்து உப்புடன் படிகிறது. 29, 30 டிகிரி கடந்தும் நீரை நிறுத்தி வைத்தால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கிறது. கண்ணால் பார்த்து இதை முடிவு செய்வதில்லை. மானியை மிதக்கவிட்டு அளந்தே முடிவு செய்கிறோம். படிமத்துக்கு மானி, சரிபார்ப்புத் தொகை. புதுக் கணினியில் வந்து சேர்ந்த கோப்பின்மேல் மீண்டும் 'ஷா-256-சம்' செலுத்தி, தோன்றும் கோவையைக் குறிப்பேட்டிலுள்ள காகிதத்துடன் எழுத்தெழுத்தாக ஒருவர் வாசிக்க மற்றொருவர் ஒப்பிடுக. ஓர் எழுத்து வேறுபட்டாலும் அக்கோப்பை இயக்கலாகாது. வேறு படியைத் தேடுக.

மூன்றாம்படி, உள்ளதை அறிதல். 'க்யூஎமு-ஐஎம்ஜி இன்ஃபோ' என்ற கட்டளை, கோப்பின் வடிவம், இயந்திரம் காணும் வட்டின் அளவு, கோப்பு உண்மையில் கொள்ளும் இடம் ஆகியவற்றைக் காட்டும். தாய்க் கணினியில் அத்தனை இடம் உள்ளதா என்பதை இப்போதே பார்த்துக்கொள்க.

நான்காம்படி, படிக்குப் படியெடுத்தல். மூலப்படியை ஒருபோதும் நேராக இயக்கலாகாது. இயக்கிய கணமே அதில் புதிதாக எழுத்து விழும். பின்னர்க் குறிப்பேட்டிலுள்ள கோவையோடு அது பொருந்தாது. விதைநெல்லை எடுத்துச் சமைத்தால் அடுத்த பட்டத்துக்கு விதை இல்லை. 'சிபி' என்ற சாதாரணக் கட்டளையால் ஒரு படியெடுத்து, லிப்விர்ட் தன் படிமங்களை வைக்கும் அடைவில் சேர்த்து, அந்தப் படியையே இயக்குக. வட்டின் அளவைப் பெருக்கவேண்டுமாயின் 'க்யூஎமு-ஐஎம்ஜி ரீசைஸ்' என்பதை இப்படியின்மேல் செலுத்தலாம். அதன்பின் இயந்திரத்தினுள்ளும் பகிர்வைப் பெருக்கவேண்டும் என்பதை மறவாதீர்.

ஐந்தாம்படி, இயந்திரத்தை எழுப்புதல். இதற்குரியது 'விர்ட்-இன்ஸ்டால்' என்ற கட்டளை. இதனுடன் சேரவேண்டிய குறிப்புகள்: இயந்திரத்துக்கு ஒரு பெயர், நினைவகம் (சிறு சங்கத்தின் கணக்குக்கு 4,096 மெகாபைட் என்று தொடங்கிப் பார்க்கலாம்), செயலிகள் 2, வட்டுக் கோப்பு இருக்கும் இடம், இயங்குதளத்தின் வகை, வலையமைப்பு. இவற்றோடு 'இம்போர்ட்' என்ற குறிப்பைத் தவறாது சேர்க்க. புதிதாக இயங்குதளம் அமைக்கவேண்டா, உள்ள வட்டிலிருந்தே தொடங்குக என்பது அச்சொல்லின் பொருள். முதன்முறை செய்வோர் பெரிதும் தவறுவது இவ்விடத்தில்தான்.

ஆறாம்படி, இயந்திரத்தைத் தனதாக்குதல். 'விர்ஷ் லிஸ்ட்' அடித்து இயந்திரம் இயங்குவதைக் கண்டபின், உள்ளே நுழைந்து மூன்று காரியங்களை முடிக்க. மறைச்சொற்களை உடனே மாற்றுக. நுழைவுச் சாவிகள் புதிதாக உண்டாயினவா என்று பார்க்க. சில லினக்ஸ் வகைகளில் அவை தாமே உண்டாவதில்லை, கட்டளையிட்டு உண்டாக்கவேண்டும். தேதியையும் நேரத்தையும் சரி செய்க. தவறான தேதியுடன் ஒரு ரசீது போனாலும் தணிக்கையில் விடை சொல்லவேண்டியவர் காரியதரிசியே. பின்னர் 'விர்ஷ் ஆட்டோஸ்டார்ட்' என்று அடித்தால், மின்சாரம் போய் வந்து தாய்க் கணினி எழும்போது இந்த இயந்திரமும் தானே எழும்.

ஏழாம்படி, கணக்கை ஏற்றுதல். காசாளர் காத்து வைத்த அன்றாடக் கணக்குப் படியை, மென்பொருளின் மீட்பு வசதியால் உள்ளே ஏற்றுக. ஏற்றியதும் பணம் வழங்கத் தொடங்கிவிடலாகாது. முதலில் இருப்பாய்வு எடுத்துப் பார்க்க. பற்றும் வரவும் பொருந்துகின்றனவா? ரொக்கப் புத்தகத்தின் காகிதப் படியிலுள்ள கடைசி நாள் முடிவிருப்பும் திரையில் தோன்றும் முடிவிருப்பும் ஒன்றா? அங்கத்தினர் பத்துப் பேரின் கைப்புத்தகங்களை வாங்கி அவர்கள் வைப்புத் தொகையை ஒப்பிட்டீர்களா? இவை பொருந்திய பின்பே இயந்திரம் நிறுவப்பட்டது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதலாம். இயந்திரம் எழுந்து நிற்பது கணினித் துறையின் வெற்றி. கணக்குப் பொருந்துவதே சங்கத்தின் வெற்றி.

6. மறக்கலாகாத சில

படிமம் கணக்குக்கு மாற்றன்று. மென்பொருள் எப்போதோ ஒருமுறை மாறுவது. கணக்கு நாள்தோறும் மாறுவது. ஆகையால் மூலப்படி இருக்கிறது என்று அன்றாடக் கணக்குப் படியை நிறுத்திவிடலாகாது. இரண்டும் வேண்டும், ஒன்று இல்லாத மற்றொன்று பயன்படாது என்பதை ஃபெஞ்சல் புயல் நமக்குக் காட்டிற்று.

படிமமும் பழையதாகும். இயங்குதளத்தின் பாதுகாப்புத் திருத்தங்கள் அடிக்கடி வருகின்றன. ஓராண்டுக்கு முன் எடுத்த படிமத்தை நிறுவினால், இடையில் வந்த திருத்தங்கள் யாவற்றையும் முதலில் ஏற்றவேண்டும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது மூலப்படி எடுத்து, புதுச் சரிபார்ப்புத் தொகையைக் குறிப்பேட்டில் சேர்க்க. முந்தியதை உடனே அழிக்காமல் ஒரு சுற்று வைத்திருக்க.

உரிமம் வாங்கிய மென்பொருளானால், அதனை வேறு கணினியில் எழுப்புவதற்கு உரிமம் இடந்தருகிறதா என்று பார்த்துக்கொள்க. பத்துச் சங்கங்களுக்கு ஒரு படிமத்தைப் பகிர்வதானால் இதனை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குக.

7. மூலப்படியை எங்கே வைப்பது?

மூன்று படிகள் இருக்கட்டும். இரண்டு வகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒன்றாவது வேற்றூரில் இருக்கட்டும். இது கணினி வல்லுநர் பலரும் ஒப்பும் விதி. அலுவலக அலமாரியில் ஒன்றும் காரியதரிசி வீட்டில் ஒன்றும் வைத்தால் இரண்டையும் ஒரே வெள்ளம் கொண்டுபோகும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. 13 ஆண்டு கழித்து ஃபெஞ்சல் வந்தது. இக்கரையில் இருப்போர் அடுத்ததை எதிர்பார்த்தே வாழவேண்டும்.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்றை நாம் பரிந்துரைக்கிறோம். அகில உலகக் கூட்டுறவு இணையம் 1966-இல் தன் கொள்கைகளுள் 'கூட்டுறவுகளுக்கிடையே கூட்டுறவு' என்பதனைச் சேர்த்தது. கடற்கரையிலுள்ள உப்புச் சங்கம் தன் மூலப்படியைத் திண்டிவனம் போன்ற உள்நாட்டு ஊரிலுள்ள நெசவாளர் சங்கத்தின் இரும்புப் பெட்டியில் வைக்கட்டும். அந்த நெசவாளர் சங்கத்தின் மூலப்படியை ஓர் உழவர் விற்பனைச் சங்கம் காக்கட்டும். அங்கத்தினர் கணக்கு அதில் இல்லாமையால் இதில் மறைவு எதுவும் வெளிப்படுவதில்லை. கணக்குப் படியையும் அவ்வாறு வெளியே வைப்பதானால், மறைகுறியாக்கம் செய்து பூட்டிய நிலையில்தான் கொடுக்கவேண்டும். அதன் மறைச்சொல் முத்திரையிட்ட உறையில் தலைவரிடம் தனியே இருக்கவேண்டும்.

8. ஒத்திகை

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஒருமுறையேனும் நிறுவிப் பார்க்காத படிமம் படிமமாகாது; அது நம்பிக்கை மட்டுமே. ஆண்டுதோறும் புரட்டாசி முடிவதற்குள், மழைக்கு வரப்புக் கட்டும் காலத்திலேயே, ஒரு நாள் ஒத்திகை நடத்துக. பழைய கணினி ஒன்றில், கணினி பழகாத ஒரு குமாஸ்தாவைக் குறிப்பேட்டைப் பார்த்துக் கட்டளைகளை அடிக்கச் சொல்லுக. தெரிந்தவர் அருகில் நின்றாலும் வாய் திறக்கலாகாது. எந்த வரியில் அவர் தடுமாறுகிறாரோ அந்த வரி குறிப்பேட்டில் தெளிவாக எழுதப்படவில்லை என்பது பொருள். அதனைத் திருத்துக.

நாம் முதலில் குறிப்பிட்ட சங்கம் இவ்வாறே செய்தது. முதல் ஒத்திகை, சரிபார்ப்புத் தொகை பொருந்தாமையால் இரண்டாம் படியிலேயே நின்றது. நினைவுக் குச்சி கெட்டிருந்தது. அன்று அதனைக் கண்டுபிடித்ததே பெரும்பயன் என்று நிர்வாகக் குழுவினர் கூறினர். இரண்டாம் ஒத்திகையில் கட்டளைகளை அடித்தவர் அளத்தில் உப்பு வாரும் அங்கத்தினர் ஒருவரின் மகள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர். ஒரு முற்பகலில் இயந்திரம் எழுந்தது. பிற்பகலில் இருப்பாய்வு பொருந்தியது. அவர் தம் தந்தையின் கைப்புத்தகத்தை எடுத்து, திரையிலுள்ள வைப்புத் தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்து, "சரியாயிருக்கிறது" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

அங்கத்தினர்கள் தத்தம் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் எழுந்து, "நம் கணக்கு இயந்திரத்தின் மூலப்படி எங்கே இருக்கிறது? கடைசியாக எப்போது நிறுவிப் பார்க்கப்பட்டது?" என்று கேட்கவேண்டுகிறோம். இது காரியதரிசியைக் குறை கூறும் கேள்வி அன்று. அவர் கையை வலுப்படுத்தும் கேள்வியே.

படிப்பு வட்டத்தில் கலந்து பேசவேண்டிய வினாக்கள்

1. கணக்குப் படிக்கும் இயந்திரத்தின் மூலப்படிக்கும் வேறுபாடு யாது? நம் சங்கத்தில் இப்போது எது இருக்கிறது, எது இல்லை?

2. மூலப்படியை நேராக இயக்கலாகாது என்பது ஏன்? உழவிலிருந்து ஓர் உவமை கூறி விளக்குக.

3. சரிபார்ப்புத் தொகையைக் காகிதத்தில் எழுதி ஒப்பமிட்டு வைக்கவேண்டியதன் காரணம் யாது?

4. ஒரே படிமத்தைப் பல சங்கங்களில் நிறுவும்போது, ஒவ்வொரு சங்கமும் உடனே மாற்றவேண்டியவை எவை?

5. நம் சங்கத்தின் மூலப்படியைக் காத்துத் தரத்தக்க வேற்றூர்ச் சங்கம் எது? அதற்குக் கைம்மாறாக நாம் செய்யக்கூடியது யாது?